யாருக்கோ ஒரு நன்றி

பத்து நாளாக ஏகாம்பரத்துக்கு யாரைப் பார்த்தாலும் நன்றி சொல்ல வேண்டும் போல இருந்தது.

சர்க்கரை கம்மியாகப் போட்ட டீக்கடைக்காரருக்கு நன்றி. வழிவிட்ட ஆட்டோவுக்கு நன்றி. ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு ரோடு பெருக்கும் நகராட்சிப் பெண்மணிக்கு மட்டும் ஏனோ இரண்டு தடவை நன்றி. ஜோலார்பேட்டையில் ரயில் ஓட்டுநர்கள் கையெழுத்துப் போட்டு வண்டி எடுக்கும் குரூ லாபியில், குடித்திருக்கிறாரா என்று ஊதச் சொல்லும் கருவிக்குக்கூட அன்று காலை ஒன்று சொன்னார்.

"சார், அது மெஷின்," என்றாள் பௌசியா.

"இருக்கட்டுமே. நாலு வருஷமா என் வாயை மோந்துக்கிட்டிருக்கு. எவ்வளவு பொறுமை பாரு!"

பௌசியா அவருடைய உதவி ஓட்டுநர். ஆம்பூர்க்காரி, முப்பத்து மூன்று வயது, அடுத்த மாதப் பதவி உயர்வுப் பட்டியலில் ஐந்தாவது பெயர். இரண்டு வருடமாக ஒரே எஞ்சினில் பக்கத்துப் பக்கத்து ஸீட்.

"வீட்ல அக்காகிட்டயும் இப்படித்தானா?"

"நேத்து ரசத்துக்கு நன்றி சொன்னேன். டாக்டரைப் போய்ப் பாருங்கன்னுட்டா."

பௌசியா சிரித்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. அதை அவர் கவனிக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் இந்த மனிதர் சிரித்தால் அதிசயம். நாற்பத்தேழு வயது, இருபத்து மூன்று வருட சர்வீஸ். அதில் மூன்று முறை, வண்டிக்கு எதிரே மனிதர்கள். நூற்றுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் அவசர பிரேக் போட்டாலும் நிற்பதற்கு முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். மூன்று முறையும் அந்தத் தூரம் கிடைக்கவில்லை. மூன்றாவது ஆள், ஒரு பெண், கடைசி நொடியில் நிமிர்ந்து பார்த்தாள். அதன் பிறகு ஏகாம்பரம் கண்ணை மூடினால் அந்தப் பார்வைதான். வண்டி வேண்டாம், மேஜை வேலை கொடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் திருப்பத்தூர் சாலையில் புதிதாகத் திறந்திருந்த நினைவு ஆய்வு மையத்திலிருந்து டாக்டர் உமையாள் கூப்பிட்டார்.

"பழைய நினைவை என்னால அழிக்க முடியாது, மிஸ்டர் ஏகாம்பரம். ஆனா இன்னொண்ணு வந்தா அது பதியாம தடுக்கலாம். தடுக்கப்போறது நான் இல்லை. நீங்க."

ஸ்கேன் குகைக்குள் படுக்க வைத்தார்கள். கண்ணுக்கு எதிரே சின்னத் திரை. அதில் ஒரு சிக்னல் கம்பம். மூளையில் நினைவைப் பதிய வைக்கும் பகுதி சுறுசுறுப்பாக இருந்தால் சிக்னல் சிவப்பு. அது ஓய்ந்தால் பச்சை. சிவப்பைப் பச்சையாக்க வேண்டும், வெறும் மனசால். எப்படி என்று யாராலும் சொல்லித் தர முடியாது. விளக்கைப் பார்த்துப் பார்த்து மூளையே வழி கண்டுபிடித்துக்கொள்ளும். ரயில்காரர்களுக்குப் பழக்கமான படமாக இருக்கட்டும் என்று டாக்டர் ஆசையாகத் தேர்ந்தெடுத்தது அந்தச் சிக்னல்.

சிக்கலே அதில்தான். முதல் மூன்று வாரம் ஏகாம்பரம் ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை.

"உள்ள படுத்துக்கிட்டு என்னதான் பண்றீங்க?"

"வெயிட் பண்றேன் டாக்டர்."

"எதுக்கு?"

"சிக்னல் மாறட்டும்னு. மாத்தறது என் வேலை இல்லீங்களே. அது ஸ்டேஷன் மாஸ்டர் வேலை."

பதினோராவது வாரம் வழி பிடிபட்டது. அவசர பிரேக்கில் கை வைத்த நொடியில் மனசுக்குள் பச்சை. நினைவின் கதவு மூடிவிடும். அதற்கு முந்தைய அரை நிமிடமும் பிந்தைய இருபது நிமிடமும் பதியாது. கை கால் ஓடும், பேசுவார், விதிப்படி செய்ய வேண்டியதெல்லாம் செய்வார். பிறகு எதுவும் ஞாபகம் இருக்காது. சான்றிதழ் கொடுத்து மறுபடி எஞ்சினில் ஏற்றினார்கள்.

பத்து நாளுக்கு முன்னால் அந்தப் பயிற்சிக்கு வேலை வந்தது. காகிதத்தில் படித்துத்தான் அவருக்கே தெரியும். ஒரு வளைவைத் தாண்டித் தண்டவாளத்தில் விரிசல். அதற்கு அறுபது மீட்டர் முன்னால் அவர் வண்டியை நிறுத்தியிருக்கிறார். ஆயிரத்து நானூறு பயணிகள், ஒருவருக்கும் கீறல் இல்லை. எல்லோரும் கை கொடுத்தார்கள். யாரோ செய்த காரியத்துக்கு வாழ்த்து வாங்குவது போல அவரும் கொடுத்தார்.

*

"ஏகாம்பரம் சார் இங்க கீறாரா?"

லாபி வாசலில் ஒரு பெண். வெயிலில் கறுத்த முகம், ஆரஞ்சுச் சட்டை, கையில் சுருட்டிய கொடி. பெயர் கன்னியம்மா. தினமும் ஏழு கிலோமீட்டர் தண்டவாளத்தை நடந்தே பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலை அவளுக்கு.

அவளைப் பார்த்ததும் ஏகாம்பரம் எழுந்து நின்றார். ஏன் எழுந்தோம் என்று அவருக்கே புரியவில்லை.

"நான்தாம்மா. உக்காருங்க."

"உக்கார வரல சார். நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணை. வேலையை விட்டு எடுக்கப் போறாங்களாம். அன்னிக்கு நான் நடக்கவே இல்லியாம். நீங்க மாடு குறுக்க வந்துதுன்னு வண்டிய நிறுத்தினீங்களாம். நின்னப்புறம் நான் ஓடியாந்து விரிசலைப் பார்த்துட்டு, நான்தான் கொடி காட்டி நிறுத்துனேன்னு கதை விடறேனாம். எங்க மேஸ்திரி எழுதிக் குடுத்துக்கீறாரு."

"மேஸ்திரி ஏன் அப்படி எழுதணும்?"

"காலைல அந்த எடத்தை அவரு பார்த்து, நல்லாக்கீதுன்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நான் கண்டுபிடிச்சேன்னா அவரு மாட்டுவாரு. நான் நடக்கவேயில்லன்னா பழி எம்மேல வுழும், அவரு தப்பிச்சாரு." ஒரு அடி முன்னால் வந்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சார். செவப்புக் கொடியப் பார்த்துத்தான் நிறுத்துனேன்னு."



"எனக்கு ஞாபகம் இல்லம்மா."

"இன்னாது?"

"எனக்கு ஒரு பயிற்சி... பிரேக் போட்டா அப்புறம் எதுவும் பதியாது. நிஜமாவே தெரியல."

கன்னியம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கீழ எறங்கி வந்து எம்மாம் நேரம் பேசுனீங்க! நல்லாக்கீது சார். பெரிய மனுஷங்க, மறக்கறதைக்கூட முன்னாடியே சொல்லிட்டுத்தான் மறப்பீங்கபோல!"

திரும்பிப் போய்விட்டாள்.

"எஞ்சின்ல பேச்சைப் பதியற பெட்டி இருக்கே?" என்றார் ஏகாம்பரம்.

"கேட்டுட்டாங்க சார்." பௌசியா தரையைப் பார்த்துச் சொன்னாள். "பிரேக் போடறதுக்கு முன்னாலேர்ந்தே ஹாரனை அழுத்தின கையை நீங்க எடுக்கவே இல்லை. ஹாரன் சத்தத்துல உங்க குரல் அடிபட்டுப்போச்சு."

"நீ என்ன பார்த்தே?"

"நான் பின்னாடி மெஷின் ரூம்ல செக் பண்ணிட்டிருந்தேன். முன்னாடி வந்து சேர்றதுக்குள்ள வண்டி நின்னுடுச்சு. எதையும் பார்க்கலைன்னு எழுதிக் கொடுத்துட்டேன்." பிறகு மெதுவாக, "சார், பார்த்தேன்னு சொல்லிடுங்களேன். பாவம் அந்தம்மா. உண்மையாத்தான் இருக்கும்."

"பார்க்காத சிக்னலைச் சொல்லச் சொல்றியா?"

ரயில்காரர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஒவ்வொரு சிக்னலையும் கண்ணால் பார்த்துக் கை நீட்டி ஓட்டுநர் உரக்கச் சொல்ல வேண்டும். உதவி ஓட்டுநரும் தன் கண்ணால் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்ன ஒரு வார்த்தை ரயிலையே கவிழ்க்கும். இருபத்து மூன்று வருடத்தில் ஏகாம்பரம் அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை.

*

"எடுத்துக் கொடுங்க டாக்டர். எப்படியாவது."

டாக்டர் உமையாள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மறந்துபோனதுன்னா தேடலாம். இது பதியவே இல்லையே. எழுதாத தபாலை எந்த ஆபீஸ்ல போய்த் தேடறது?"

"அந்தப் பொண்ணு வேலை போயிடும்."

"எனக்கும் அது உறுத்துது. நீங்க பார்க்கக் கூடாததைப் பார்க்காம இருக்கணும்னுதான் யோசிச்சேன். நீங்க பார்த்தது இன்னொருத்தருக்குத் தேவைப்படும்னு யோசிக்கலை." கணினியைத் திறந்தார். "உங்க கைப்பட்டை கணக்கையாவது பார்க்கலாம், இருங்க."

தூக்கத்தை அளக்கும் பட்டை ஒன்றை ஏகாம்பரம் ஆறு மாதமாகக் கட்டியிருந்தார். திரையில் கோடுகள் ஓடின. டாக்டர் முன்னால் குனிந்தார்.

"நீங்க நல்லாத் தூங்கறதா சொன்னீங்களே, எப்போலேர்ந்து?"

"பயிற்சி முடிஞ்சதுலேர்ந்துதான். உங்க புண்ணியத்துல."

"இல்லையே. பயிற்சி முடிஞ்சு ஏழு வாரம் பழைய மாதிரியேதான் இருந்திருக்கீங்க. ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். முதல் தடவையா ஏழு மணி நேரம் தூங்கினது..." தேதியில் விரலை வைத்தார்.

வண்டியை நிறுத்திய நாள்.

டாக்டர் வேறொரு கோப்பைத் திறந்தார்.

"நாலு நாளைக்கு முன்னாடி மாதாந்திர சோதனைக்கு வந்தீங்க. குகைக்குள்ள அறுபது படம் காட்டினேன். வீடு, மரம், மனுஷங்க. ஒரே ஒரு படத்துக்கு உங்க மூளை தீபாவளி மாதிரி எரிஞ்சுது. மெஷின் கோளாறுன்னு நினைச்சு ஒதுக்கி வெச்சேன். இந்தப் படம்."

ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண். எந்த ஊரோ, எந்தத் தெருவோ.

"இவங்களை எனக்குத் தெரியாது டாக்டர்."

"தெரியாதுதான். ஆனா அந்தச் சட்டையை உங்க உடம்புக்குத் தெரியுது. பாருங்க, நடந்தது என்னங்கறது ஒரு வாசல் வழியாப் போகும். அதைத்தான் நாம மூடினோம். அப்போ என்ன உணர்ந்தோம்கறது வேற வாசல். காரணம் போயிடும், உணர்ச்சி தங்கிடும். பயம் தங்கிடுமோன்னுதான் நான் பயந்தேன்." டாக்டரின் குரல் தழைந்தது. "உங்ககிட்ட தங்கினது நன்றி. பத்து நாளா அது ஆள் தேடி அலைஞ்சிருக்கு."

ஏகாம்பரம் ரோடு பெருக்கும் பெண்மணியை நினைத்துக்கொண்டார்.

"இதை எழுதிக் கொடுங்க. காட்டறேன்."

"கொடுக்கறேன். ஆனா கொடி காட்டினாங்கங்கறதுக்கு இது சாட்சி ஆகாது. நன்றிங்கறது கண்ணால பார்த்தது இல்லையே."

*

விசாரணை அதிகாரி டாக்டரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"சுவாரசியமாத்தான் இருக்கு. ஆனா நான் ஃபைல்ல என்னன்னு எழுதறது? ஓட்டுநருக்கு நன்றி உணர்ச்சி இருக்கிறதுன்னா? கேள்வி ஒண்ணுதான் மிஸ்டர் ஏகாம்பரம். சிவப்புக் கொடியைப் பார்த்தீங்களா?"

மேஜைக்கு இடப்பக்கம் கன்னியம்மா. வலப்பக்கம், புதுச் சட்டையில் மேஸ்திரி. பின் வரிசையில் பௌசியா.

ஒரு வார்த்தை. 'பார்த்தேன்.' அவ்வளவுதான். அவருடைய உடம்பு முழுவதும் அந்த வார்த்தைக்காகத் தள்ளியது. ஏகாம்பரம் வாயைத் திறந்தார். பார்க்காத சிக்னல் ஒன்று இருட்டில் அவர் முன்னால் நின்றது.

"அந்தம்மா பொய் சொல்லலைன்னு மனசார நம்பறேன் சார். ஆனா பார்த்தேன்னு சொல்ல முடியாது. எனக்குத் தெரியாது."

மேஸ்திரி நாற்காலியில் சாய்ந்தார். கன்னியம்மா கொடியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அப்போ முடிச்சுக்கலாம்," என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்."

பௌசியா எழுந்து நின்றிருந்தாள்.

"உங்க வாக்குமூலம் இருக்கேம்மா. எதையும் பார்க்கலைன்னு."

"பார்க்கலைதான் சார். ஆனா கேட்டேன். மெஷின் ரூம் கதவைத் திறந்து முன்னாடி வந்துட்டிருந்தேன். அப்போ ஏகாம்பரம் சார் 'ரெட்'னு கத்தினார். கூடவே ஹாரன். அதுக்கப்புறம்தான் பிரேக்."

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

பௌசியா ஏகாம்பரத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நானும் 'ரெட்'னு திருப்பிச் சொல்லிட்டேன் சார். பழக்க தோஷம். கண்ணால எதையும் பார்க்காமலே சொன்னேன். அது தப்பு. வெளிய தெரிஞ்சா பட்டியல்லேர்ந்து என் பேரு போயிடும்னு மறைச்சேன்." ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினாள். "பத்து நாளா நீங்க என்கிட்ட நன்றி நன்றின்னு சொல்லும்போதெல்லாம் முள்ளு குத்தற மாதிரி இருந்துது சார். நீங்க இன்னைக்கு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன். சொல்லாம போயிட்டீங்க."

"இப்ப சொல்றதுக்கு என்ன ஆதாரம்?" மேஸ்திரி குரல் உயர்த்தினார். "ரெண்டு பேரும் ஒரே எஞ்சின், சார்!"

"ஆதாரம் இருக்கு," என்றாள் பௌசியா. "பெட்டியில சாரோட குரலைத்தானே தேடினீங்க? அது ஹாரன்ல போயிடுச்சு. மைக் இன்னொண்ணு மெஷின் ரூம் கதவு மேல இருக்கு. என் குரலைத் தேடுங்க."

தேடினார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. ஒலிப்பதிவை இயக்கிய ஊழியர் ஒலிபெருக்கியைத் திருகினார். எஞ்சின் இரைச்சல், கதவு கிறீச்சிடும் சத்தம், எங்கோ ஹாரன் எழும் ஊளை. அதற்குள், பழகிப்போன, யோசிக்காத, தெளிவான ஒரு பெண் குரல்:

"ரெட்!"

இரண்டு நொடி கழித்துத்தான் பிரேக்கின் பெருமூச்சு.

"மாட்டைப் பார்த்து யாரும் ரெட்னு சொல்ல மாட்டாங்க," என்றார் அதிகாரி. பேனாவை மூடினார். பிறகு மேஸ்திரி பக்கம் மெதுவாகத் திரும்பினார். "நீங்க மட்டும் கொஞ்சம் இருங்க."

கன்னியம்மாவின் வேலை நிலைத்தது. பௌசியாவின் பதவி உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது.

*

வெளியே வேப்பமரத்து நிழலில் மூன்று டீ.

"பெரிய மனுஷங்கன்னு திட்டிட்டேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க," என்றாள் கன்னியம்மா. பௌசியாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. "இந்தப் பொண்ணு எனக்காவ..."

"எனக்கு ஒரு உதவி பண்ணணும்மா நீங்க," என்றார் ஏகாம்பரம். "அன்னைக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாம."

"ஐயோ, அதுக்கின்னா! சொல்றேன்."

"ஒரு நிமிஷம் இருங்க."

கண்ணை மூடினார். குகை இல்லை, திரை இல்லை. ஆனாலும் அந்தச் சிக்னல் கம்பம் அங்கேயே நின்றது, பச்சையாக, பணிவாக. பதினோரு வாரம் கற்றதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். சிக்னலை மாற்றுவது என் வேலை இல்லை என்று ஒரு காலத்தில் சொன்ன மனிதர், முழு மனசோடு அதைத் தள்ளினார். மஞ்சள் வந்தது. நின்றது. பிறகு மெல்ல, மிக மெல்ல, சிவப்பு.

கண்ணைத் திறந்தார். "சொல்லுங்க."

அவள் சொன்னாள். விரிசலைப் பார்த்ததும் செருப்பு அறுந்தது. வெறுங்காலோடு ஜல்லியில் ஓடியது. வளைவில் வண்டி திரும்பியதும் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தது. எஞ்சின் பெருசாகிப் பெருசாகி ஒரு வழியாக நின்றது.

"நீங்க எறங்கி ஓடி வந்தீங்க. திட்டுவீங்கன்னு பயந்தேன். எம் பேரைக் கேட்டீங்க. அப்புறம், 'சீக்கிரம் சொல்லிடறேன்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல நான் இதை மறந்துடுவேன்'னீங்க. எனக்கு ஒண்ணுமே விளங்கல. 'மூணு பேருக்கு என்னால நிறுத்த முடியல. ஒனக்கு நிறுத்திட்டேன். எனக்காக நீ ஓடி வந்தியே'ன்னு சொல்லி..." கன்னியம்மா டீயைக் கீழே வைத்தாள். "நடுத் தண்டவாளத்துல நின்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டீங்க சார். ஆளு வர்ற வரைக்கும் கைய எறக்கவேயில்ல."

காற்றில் வேப்பம்பூ உதிர்ந்தது. ஒன்று அவளுடைய ஆரஞ்சுச் சட்டைத் தோளில் உட்கார்ந்தது. ஏகாம்பரம் அதையும் பார்த்தார். அறுந்து ஊக்கு மாட்டிய செருப்பைப் பார்த்தார். கால் பெருவிரலில் ஆறிவரும் காயத்தைப் பார்த்தார். எதுவும் தவறிவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார்.

தன்னையறியாமல் அவர் வாய் முணுமுணுத்தது.

"ரெட்."

"ரெட்," என்றாள் பௌசியா பக்கத்திலிருந்து.

அவர் திரும்பினார். "மறுபடியுமா? பார்க்காம திருப்பிச் சொல்லக் கூடாதுன்னு இப்பதானே வாங்கிக் கட்டிக்கிட்டே?"

பௌசியா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருடைய சிவந்து நனைந்த கண்களையே பார்த்தாள்.

"பார்த்துட்டுத்தான் சார் சொன்னேன்."